நாற்பது பேர் கதையின் மீதி

என் மகனே,

இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். உனக்கு வாசிக்க வரும் என்று எனக்குத் தெரியும். பள்ளி இல்லாத புதன்கிழமைகளில் உன்னைச் சமையலறை மேசையில் உட்கார வைத்து, ‘ழ’வுக்கு வால் சரியாக வரும்வரை எழுந்திருக்க விடாமல் அழவைத்தவள் நான்தானே. மெதுவாக வாசி. அடுத்த வாரம் நீ லியோனுக்கு வேலைக்குப் போகிறாய். சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். கம்பளிச் சட்டையை மேலே வைத்திருக்கிறேன், அந்த ஊரில் குளிர் அதிகமாம். சட்டையைப் பற்றி எழுதுவது எனக்குச் சுலபம், பக்கம் பக்கமாக எழுதுவேன். ஆனால் உட்கார்ந்தது அதற்கு இல்லை. இந்தத் திங்கட்கிழமை லா சப்பல் தமிழ்க் கடை ஒன்றில் உன்னைப் பற்றி ஒன்று காதில் விழுந்தது. நேரில் பேசினால் நான் தமிழில் சொல்வேன், நீ பிரெஞ்சில் ஒரு வரி சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாய். கடிதமாக இருந்தால் முடிகிறவரை கையில் வைத்திருப்பாய் என்று ஒரு நப்பாசை.

உனக்குத் தெரியாத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். லா சப்பல் கடைகளில் நான் நாலு வருடமாகத் தமிழ் பேசுவதில்லை. விரலால் காட்டுவேன், பிரெஞ்சில் விலை கேட்பேன், பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன். மெத்ரோப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு யாழ்ப்பாணத்து அம்மா மளிகைக் கடை வைத்திருக்கிறாரே, அவர் என்னைத் தமிழ் மறந்துபோன ரியூனியன் தீவுக்காரி என்றே நினைத்திருக்கிறார். திங்களன்று நான் முருங்கைக்காயை வளைத்துப் பார்த்துப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணிடம், “இந்த ரியூனியன் மனுசிக்கு முருங்கைக்காய் பாத்து எடுக்க ஆர் பழக்கினது?” என்று சொல்லிச் சிரித்தார். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. ரியூனியன்காரிக்குக் காது கேட்கும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அப்படியே பேச்சு வேறு பக்கம் போயிற்று.

“வாற ஞாயிறு தம்பிக்கு இஞ்சை கடையிலை சாப்பாடு குடுக்கிறம். லியோனுக்குப் போறாராம்.”

“எந்தத் தம்பி?”

“அதுதான், சார்செல்லிலையிருந்து வந்து எங்கடை ஆக்களுக்குப் பிரெஞ்சிலை கடிதம் எழுதிக் குடுக்கிறவர். விசா அலுவலுக்கும் கூடப் போறவர். இடது புருவத்திலை ஒரு வெட்டுக்காயம் இருக்குமெல்லே.”

“ஓ, அவரோ! நல்ல வடிவாத் தமிழ் கதைப்பார். ஆர் பழக்கினது? தாயோ?”

“தாய்க்குத் தமிழ் தெரியாதாம், பாவம். அவரே சொன்னவர்.”

கையிலிருந்த முருங்கைக்காயை எப்போது முறித்தேன் என்று தெரியவில்லை. முறிந்ததையும் சேர்த்து நிறுத்துக் கொடுத்தார். வெளியே வந்து பாலத்தின் கீழே நின்றேன். முதலில் கோபம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பெற்ற தாய்க்குத் தமிழ் தெரியாதாமா? அவன் வாயில் தமிழ் எங்கிருந்து வந்ததாம்? பிறகு தலைக்கு மேலே மெத்ரோ ஒன்று போயிற்று, அந்தச் சத்தத்தில்தான் உறைத்தது. நீ பொய் சொல்லவில்லை. நாலு வருடத்துக்கு முன் அந்தப் பாலத்து ஸ்டேஷனிலேயே, உன் பக்கத்தில் நின்றுகொண்டு நானே சொன்னதைத்தான் நீ திருப்பிச் சொல்லியிருக்கிறாய். இன்னொன்றும் உறைத்தது. நாலு வருடமாக நீ என்னிடம் பிரெஞ்சில் மட்டும் பதில் சொல்கிறாயே, நம் சார்செல்லில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், வயசு அப்படி என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். நீ தமிழை விடவில்லை. என்னைத்தான் விட்டிருக்கிறாய்.

இதைப் பேச எனக்கு நேர்வழி தெரியவில்லை, அதனால் உன் புருவத்திலிருந்து தொடங்குகிறேன். முக்த்சர் நினைவிருக்கிறதா? ஒன்பது வயதில் உனக்கு வேறு விளையாட்டே கிடையாது. அந்தக் கதையை எனக்குச் சொன்னவர் அர்பன்ஸ் சிங், மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். யாரோ ஒரு தூதரக வீட்டுக்குச் சமையல்காரராக வந்து, அவர்கள் மாற்றலாகிப் போனபோது இங்கேயே தங்கிவிட்ட மனிதர். அவருடைய பிரெஞ்சு ஓட்டை, என்னுடையது ஒட்டுப்போட்டது, இரண்டையும் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் பேசுவோம். அவருக்குக் கதை என்றால் ஒன்றே ஒன்றுதான். மொகலாயர் காலத்துச் சண்டை. சிர்ஹிந்த் நவாபின் படை சீக்கியர்களுடைய பத்தாவது குருவைத் துரத்திக்கொண்டு வருகிறது. வறண்ட பூமி. சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் என்று இருப்பது கித்ரானா என்ற ஒரு குளம்தான். குரு அதைக் கடந்து கொஞ்ச தூரம் போய்விட்டார். பின்னால் வந்த நாற்பது சீக்கியர்கள் குளத்தை விட்டுக்கொடுக்காமல் அந்தப் பெரிய படையை மறித்து நிற்கிறார்கள். அவர்களைக் கூட்டி வந்தவள் ஒரு பெண். அவளை அவர் ‘மாயி’ என்றுதான் சொல்வார், அவர்கள் பேச்சில் அம்மா என்று அர்த்தம். நாற்பதே பேர் என்று தெரிந்தால் எதிரி சிரிப்பானே, அதனால் இருந்த துணி, துப்பட்டி எல்லாவற்றையும் முட்புதர்கள் மேல் விரித்துப் போட்டார்களாம், தூரத்திலிருந்து பார்த்தால் கூடாரம் கூடாரமாகத் தெரியட்டும் என்று. இந்த இடம் வந்ததும் அர்பன்ஸ் சிங் ஈரப் படுக்கைவிரிப்புகளை எடுத்து வண்டிகள் மேல் வீசுவார். மேற்பார்வை பார்க்கும் அம்மாள் வந்து கத்துவாள். அம்பு தீர்ந்ததும் வாளோடு இறங்கி, அநேகமாக எல்லாரும் அங்கேயே செத்தார்கள். ஆனால் நவாபின் படைக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை, தாகத்தோடு திரும்பிப் போனது. அந்தக் குளத்துக்குத்தான் முக்த்சர் என்று பெயர். முக்தி என்று நாம் சொல்கிறோமே, அதே சொல்.

நம் சமையலறைத் தரையில் துணி துவைக்கும் தகரத் தொட்டிதான் குளம். சோடா மூடிகள் நாற்பது பேர். உன் அப்பாவின் கைக்குட்டைகள் கூடாரம். எனக்குத் தலையில் துண்டைக் கட்டிவிட்டு ‘நீதான் மாயி’ என்பாய். மொகலாயப் படையும் நான்தான், நமக்கு எப்போதும் ஆள் பற்றாக்குறை. ஒரு நாள் குதிரையில் பாய்கிறேன் என்று ஸ்டூலிலிருந்து பாய்ந்து, தொட்டி விளிம்பில் புருவத்தைக் கிழித்துக்கொண்டாய். தையல் போடும்போதுகூட அழாமல், ‘நான் நாப்பதுல ஒருத்தன்’ என்று டாக்டரிடம் பெருமை பேசினாய். ஆனால் நீ கெட்டிக்காரப் பிள்ளை, கதையில் இருந்த ஓட்டையைக் கண்டுபிடித்துவிட்டாய்.

“அவங்க ஏம்மா குருவோட இல்ல? அதுக்கு முன்னாடி எங்க போயிருந்தாங்க?”

“வேலைக்குப் போயிருந்தாங்கடா.”

“நாப்பது பேருமா?”

“நாப்பது பேருந்தான். வாயத் தொற, இட்லி ஆறுது.”

எனக்குப் பதில் தெரியும். அர்பன்ஸ் சிங் முழுக்கச் சொல்லியிருந்தார். ஆண் பிள்ளைக்கு வீரம் மட்டும் போதும் என்று நான்தான் முன்பாதியை வெட்டிவிட்டேன். நாளைக்கு உனக்குப் பிள்ளை பிறந்தால் அப்படிச் செய்யாதே. வெட்கப்பட வேண்டிய பாதியையும் சேர்த்துச் சொல். அந்தப் பாதிதான் பின்னால் ஒரு நாள் அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படும்.

வெட்டிய பாதிக்கு வருமுன் அந்த நாளைச் சொல்ல வேண்டும். நீ கூட நின்றாய், ஆனால் என் உள்ளே நடந்ததை நீ பார்க்கவில்லை. கலவரத்துக்குப் பிறகு யாழ்ப்பாணத்து ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கிய காலம் அது. நாம் பாண்டிச்சேரி. நம் வீட்டில் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை. திடீரென்று தெருவில் போகிற வருகிற எல்லாருக்கும் நாமும் அகதியாகத் தெரிய ஆரம்பித்தோம். நம் கட்டடத்துக் காவல்காரி என்னிடமே, உங்கள் அகதி வழக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ‘நாங்கள் வேறு, அவர்கள் வேறு’ என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் பழகிப் போயிருந்தது. அந்தச் சனிக்கிழமை நீயும் நானும் அரிசி வாங்கிக்கொண்டு லா சப்பல் ஸ்டேஷனுக்கு வந்தோம். வாசலில் போலீஸ் நின்றது. என் அடையாளக் கார்த்தைப் பார்த்துவிட்டு ‘மெர்சி, மதாம்’ என்று திருப்பிக் கொடுத்தார்கள். சுவரோரமாக ஒருவரை நிறுத்தி வைத்திருந்தார்கள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும், அந்தக் குளிரில் மெல்லிய சட்டை, கையில் ஒரு ரொட்டிப் பை. என் பொட்டையும் புடவையையும் கண்டதும் அவர் முகம் தெளிந்தது.

“அக்கா, தமிழ்தானே? என்ரை காட் றூமிலை கிடக்கு அக்கா. பக்கத்து வீதிதான். கூட வந்து பாக்கச் சொல்லி இவையிட்டை ஒருக்கா சொல்லுங்கோ அக்கா.”

போலீஸ்காரர் என் பக்கம் திரும்பி, ‘இவன் என்ன சொல்கிறான், மதாம்? இது உங்கள் மொழிதானே?’ என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். எனக்கு ‘வூ’ போட்டார், ‘நீங்கள்’ என்று. அந்த மனிதருக்கு அதுவரை ‘தூ’ போட்டுக்கொண்டிருந்தார். அவர்களுக்கு அது வெறும் ‘நீ’. நம் காதில் அது என்னவாக விழும் என்று நான் உனக்குச் சொல்ல வேண்டாம். ஆமாம், என் மொழிதான் என்று சொன்னால் அடுத்த வாக்கியத்தில் எனக்கும் அந்தத் தூ விழும் என்று நினைத்தேன். பயந்துவிட்டேன் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லி வந்தேன். பயமாவது ஒன்றாவது. கையில் கார்த் இருக்கும்போது எனக்கு என்ன பயம்? கர்வம். ‘மதாம்’ என்ற அந்த ஒரு சொல் எனக்கு அவ்வளவு இனித்தது. லியோனில் உன்னை மரியாதையாகக் கூப்பிடுவார்கள், நீ படித்தவன். யாராவது உனக்கு மரியாதை கொடுத்து, உன் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுக்காமல் விட்டால், அந்த மரியாதையை வாங்கிக்கொள்ளாதே. நான் வாங்கிக்கொண்டேன்.

‘எனக்குப் புரியவில்லை, மிசியே. இது என் மொழி இல்லை’ என்றேன். பிரெஞ்சில், இலக்கணம் பிசகாமல்.

அந்த மனிதருக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனால் நான் தலையாட்டிய விதத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. “அக்கா?” என்றார், ஒரே ஒரு முறை. நீ வாயைத் திறந்தாய். நான் உன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறிவிட்டேன். பதினெட்டு வயதுப் பையன், உதறியிருக்கலாம். அம்மா கை என்று சும்மா வந்தாய். உன் வாயையும் சேர்த்து அடைத்தேன் என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. மேலே பிளாட்பாரத்திலிருந்து பார்த்தோம், அவரை வண்டியில் ஏற்றினார்கள். ரொட்டிப் பை சுவரோரம் கிடந்தது. அவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியுமா? அவரைத் தேடித்தான் நீ முதலில் லா சப்பலுக்குப் போனாயா? இதை உன்னிடம் கேட்கிற துணிச்சல்கூட நாலு வருடம் எனக்கு வரவில்லை.

அன்று இரவு ‘சாப்பிட வாப்பா’ என்று கூப்பிட்டேன். நீ புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல், ‘எனக்குப் புரியவில்லை’ என்று பிரெஞ்சில் சொன்னாய். நான் தட்டை ஓங்கி வைத்துவிட்டு, இந்தக் காலத்துப் பிள்ளைகளின் திமிரைப் பற்றி உன் அப்பாவிடம் முறையிட்டேன். அப்பாவிடமும் நான் விஷயத்தைச் சொல்லவில்லை. அவர் போன வருடம் கண்மூடும்வரை நம் இருவருக்கும் ஏதோ சின்னச் சண்டை என்றே நினைத்திருந்தார். நீயும் அவரிடம் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. அதற்கு நான் உன்னிடம் நன்றி சொன்னதில்லை.

இனி கதையின் மீதி. அந்த நாற்பது பேரும் முதலில் ஓடிப்போனவர்கள். ஆனந்தபூர் கோட்டையை மொகலாயப் படையும் மலைநாட்டு ராஜாக்களும் வளைத்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது. உள்ளே தானியம் இல்லை, இலையையும் மரப்பட்டையையும் தின்றார்கள். இந்த நாற்பது பேரும் குருவிடம் போய், எங்களை வீட்டுக்கு விட்டுவிடுங்கள் என்றார்கள். போகலாம், ஆனால் நீ எங்கள் குரு இல்லை, நாங்கள் உன் சீக்கியர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார். எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஊரில் அவர்கள் வீட்டுப் பெண்களே முகம் கொடுக்கவில்லை. அந்த மாயி ஆண் உடுப்பு போட்டு, ஆயுதம் எடுத்து, குதிரை ஏறினாள். அவள் கேட்ட கேள்விகளில் நாற்பது பேரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அவள் பின்னால் திரும்பி வந்தார்கள். அப்படி வந்த வழியில்தான் அந்தக் குளம், அந்தச் சண்டை. சண்டை ஓய்ந்தபின் குரு வந்து விழுந்து கிடந்தவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகத் துடைத்தார். ஒருவனுக்கு மட்டும் இன்னும் மூச்சு இருந்தது. அவன் தலையை மடியில் எடுத்து வைத்து, என்ன வேண்டும் என்று கேட்டார். நாங்கள் எழுதிக் கொடுத்ததைக் கிழித்துவிடுங்கள் என்றான். குரு அதைத் தன் உடம்போடு வைத்திருந்தார், எடுத்துக் கிழித்தார்.

இந்த இடத்தில் அர்பன்ஸ் சிங் கையிலிருக்கும் விரிப்பைக் கீழே வைத்துவிடுவார். “பார், கோட்டை போயிற்று, பெற்ற பிள்ளைகள் போனார்கள், அந்தக் காகிதத்தை மட்டும் அவர் தொலைக்கவில்லை. அவர்கள் வருவார்கள் என்று தெரிந்து வைத்திருந்தார்” என்பார். அப்போது நானும் தலையாட்டினேன். இப்போது எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. வலித்ததால்தான் வைத்திருந்திருப்பார். வலிக்காததை யார் அவ்வளவு தூரம் சுமப்பார்கள்? நான் சொன்ன அந்த வாக்கியத்தை நீயும் நாலு வருடமாகச் சுமக்கிறாய் என்று திங்கட்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. விளையாட்டில் மாயி வேஷம் எனக்குக் கொடுத்தாயே, அது தப்பு. நான் ஓடிப்போன நாற்பதில் ஒருத்தி. ஓடியவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தாளே மாயி, அந்த வேலையை எனக்குத் தெரியாமல் நீ செய்துகொண்டிருந்திருக்கிறாய்.

கிழித்துவிடு என்று நான் உன்னிடம் கேட்கவில்லை. குருவின் மடியில் கிடந்தவன்கூடக் குளத்தடியில் நின்று சண்டை போட்ட பிறகுதானே கேட்டான். நேற்று அந்தக் கடைக்குப் போனேன். வாசலில் இரண்டு தரம் திரும்பிவிட்டு மூன்றாவது தரம் உள்ளே போனேன். “கறிவேப்பிலை ஒரு கட்டு குடுங்கம்மா” என்றேன்.

அவர் தலையில் கை வைத்துச் சிரித்தார். “ஐயோ, நீங்கள் தமிழோ? கடவுளே, உங்களுக்கு முன்னாலை நான் என்னவெல்லாம் கதைச்சுப்போட்டன்!”

“ஆமாம்மா, பாண்டிச்சேரி. அந்தச் சார்செல் தம்பியோட அம்மா நான்தான்.”

சிரிப்பு நின்றுவிட்டது. “அவர் பொய் சொல்லாத பிள்ளையெல்லோ. தாய்க்குத் தமிழ் தெரியாதெண்டு ஏன் சொன்னவர்?”

கடையில் வேறு ஆட்களும் நின்றார்கள். அவர்கள் கேட்கவே எல்லாவற்றையும் சொன்னேன், ‘வூ’வையும் ‘தூ’வையும் விடாமல். முடித்தபோது அரிசி மூட்டைப் பக்கம் நின்ற ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனார். கடைக்கார அம்மா கறிவேப்பிலைக் கட்டைக் கையில் எடுத்தார்.

“என்ரை தம்பியையும் உந்த மெத்ரோவிலைதான் பிடிச்சவங்கள்” என்றார். “அவனுக்காகவும் ஆரும் கதைக்கேல்லை.”

அன்றைக்கு ரொட்டிப் பையோடு நின்றவர்தானா என்று கேட்டேன். இல்லை, அது வேறு நாள், வேறு ஆள் என்றார். மனசுக்குள் அப்பாடா என்று வந்தது. வந்த உடனே அதற்கும் வெட்கமாக இருந்தது. பரவாயில்லை என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, அழாதே என்றும் சொல்லவில்லை. கறிவேப்பிலையைத் தாளில் சுற்றி என் கையில் கொடுத்தார்.

“ஞாயிறு நிறையச் சனம் வரும். வெங்காயம் வெட்ட ஆள் காணாது. வெள்ளென வாங்கோ.”

போகிறேன். இதை உன் மேசையில் வைத்துவிட்டுப் போவேன், நீ வருமுன் வாசித்துவிடு. நீ கடைக்குள் வரும்போது நான் பின்கட்டில் வெங்காயத்தோடு நின்றுகொண்டிருப்பேன். அந்த அம்மாவுக்கு விஷயம் தெரியும், வருகிற எல்லாருக்கும் தெரியாது. ‘தம்பி, இவ ஆர்? உங்கடை ஆளோ?’ என்று யாராவது உன்னிடம் கேட்கக்கூடும். அன்றைக்கு அந்த மனிதர் சுவரோரம் நின்ற இடத்தில் ஞாயிற்றுக்கிழமை நான் நிற்பேன், என்னிடம் கேட்ட கேள்வி உன்னிடம் வரும். இல்லை என்று சொல்லத் தோன்றினால் சொல், நான் கத்தியைக் கீழே வைக்காமல் வெட்டிக்கொண்டிருப்பேன். பிரெஞ்சில் சொல், யாழ்ப்பாணத்துத் தமிழில் சொல், உன் இஷ்டம். எந்த மொழியில் சொன்னாலும் எனக்குப் புரியும்.

அம்மா